வெளிநாட்டில் முதல் டிசம்பர்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுகிறார்கள். சம்பளம், வாடகை, கடன் தவணை, வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணம், குளிருக்கு ஜாக்கெட், பெட்டியில் எத்தனை கிலோ பருப்புப் பொடி என்று எதுவும் தப்புவதில்லை. முதல் பண்டிகைக்கு மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. வேலையை உதறிவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று மனசு அடித்துக்கொள்வது பெரும்பாலும் அந்த வாரத்தில்தான். துபாயில் தீபாவளி, முனிச்சில் பொங்கல், டொரண்டோவில் கிறிஸ்துமஸ் என்று இடமும் நாளும் மாறலாம். அந்த நாளின் பாரம் ஒன்றுதான். அதற்கு முன்கூட்டியே தயாராக முடியும். விசாவுக்குக் காகிதம் சேர்ப்பதுபோல இதுவும் ஒரு வேலை.

இதைக் கண்ணால் பார்த்துக் கற்க நல்ல இடம் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதி. கார்த்திகை தீபம் முடிந்ததும் அங்கே சீசன் சூடுபிடித்துவிடும். செங்கம் சாலையில் மப்ளர் சுற்றிய ஆட்டோக்காரர்கள், வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள், வாடகை ஸ்கூட்டரில் கிரிவலப் பாதைக்குப் போகும் இளம்பெண்கள், டீக்கடை பெஞ்சில் கண்ணாடி டம்ளரின் சூட்டைக் கைக்குட்டையால் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் புதுமுகங்கள். ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30, மார்கழிப் புனர்பூசம். அதனால் ஜயந்தி விழா கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில்தான் வரும். வந்திருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு அது வீட்டைவிட்டு இருக்கும் முதல் கிறிஸ்துமஸ். பகலெல்லாம் தியான மண்டபத்தில் நிம்மதியாக இருப்பார்கள். டிசம்பர் 24 சாயங்காலம் விடுதி மொட்டைமாடியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னல் தேடுவார்கள்.

இவர்கள் தேடி வருகிறவர்கள். வெளிநாட்டுக்குப் போகும் இளைஞர்களில் இன்னொரு வகை உண்டு: சொல்லப் போகிறவர்கள். மிஷனரிகள். வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளின் நிலைமை இந்த இரண்டாம் வகைக்கே மிக அருகில் இருக்கிறது. போகும் நாட்டைப் பெரும்பாலும் நாமாகத் தேர்ந்தெடுப்பதில்லை. கூட வேலை செய்பவரும் நம் தேர்வில் இல்லை. போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே வேலை நடந்தாக வேண்டும். ஆகவே மிஷனரிகள் எப்படிச் சமாளிக்கிறார்கள், எங்கே சறுக்கினார்கள் என்று பார்ப்பது நமக்குப் பயன்படும்.

இருவர் இருவராக

இளைஞர்களை மிகப் பெரிய அளவில் வெளிநாட்டுக்கு அனுப்பும் அமைப்புகளில் ஒன்று, மோர்மன் சபை என்று வெளியார் அழைக்கும் சபை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியில் தலைமையிடம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிஷனரிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள், பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர். 2012இல் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதைப் பத்தொன்பதிலிருந்து பதினெட்டாகக் குறைத்தார்கள். பள்ளி முடித்த கையோடு, பையனுக்கு இரண்டு ஆண்டு. பெண்ணுக்கு ஒன்றரை ஆண்டு. சம்பளம் கிடையாது. சொந்தச் சேமிப்பும் குடும்பத்தின் பணமும்தான் செலவுக்கு. எந்த நாடு என்பதைச் சபை முடிவுசெய்து சொல்லும். இந்தியாவில் அவர்களுடைய பெங்களூரு மிஷன் 1993இல் தொடங்கியது.

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் மொழி தெரியாத ஊரில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடிக்கிறான் என்றால் அது வெறும் உற்சாகத்தால் நடப்பதில்லை. அவர்களுடைய நாள் ஒழுங்கைப் பாருங்கள். மிஷனரி தனியாக எங்கும் போவதில்லை. எப்போதும் ஒரு துணை. புதிதாக வருகிறவருக்கு முதல் துணையாகப் போடப்படுகிறவர் ஏற்கெனவே அந்த ஊரில் பழகிய பயிற்சியாளர், முதல் பன்னிரண்டு வாரம் அவரோடுதான். எங்கே காய்கறி வாங்குவது, எந்த பஸ்ஸில் ஏறுவது, யாரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் அவரிடமிருந்து. ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றமோ துணை மாற்றமோ வரலாம். அதிகாலை எழுந்து படிப்பு, மொழிப் பயிற்சி, வேலை, இரவு பத்தரைக்குள் விளக்கை அணைப்பது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, முடி வெட்ட, வீட்டுக்கு எழுத.

இதில் நான் மிகவும் மதிப்பது அந்தப் பன்னிரண்டு வாரத் துணையைத்தான். நம் ஊர்ப் பையன் வளைகுடா நாட்டுக்குப் போனால் இது தானாகக் கிடைக்காது. நீங்களே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். போவதற்கு முன்பே அந்த ஊரில், அதே துறையில், ஒன்றிரண்டு ஆண்டு இருந்தவர் ஒருவரைப் பிடியுங்கள். உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. உறவுக்காரர் என்றால் நீங்கள் கஷ்டப்படுவது அன்றைக்கே உங்கள் அம்மா காதுக்குப் போய்விடும், அதனாலேயே அவரிடம் மனம் திறக்கமாட்டீர்கள். முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை அவரிடம் பேசுவது என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்தபிறகு தேடலாம் என்று விட்டால் அப்போது யாரும் போன் எடுக்கமாட்டார்கள்.

மோர்மன் முறையில் குறையும் இருந்தது. வீட்டுக்குக் கடிதமும் மின்னஞ்சலும் வாரந்தோறும் எழுதலாம். ஆனால் பேச வருடத்தில் இரண்டே நாள்: அன்னையர் தினம், கிறிஸ்துமஸ். அந்த ஒரு போன் பேச்சுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, பேசி முடித்ததும் உடைந்துபோன பிள்ளைகள் எத்தனை பேரோ. மகன் குரலை மறுபடி கேட்க மே மாதம்வரை காத்திருந்த தாய்மார்கள் எத்தனை பேரோ. 2019 பிப்ரவரியில் சபையே அந்த விதியை மாற்றி, வாரம் ஒருமுறை வீட்டோடு பேசலாம் என்றது. நல்ல முடிவு. முன்பே வந்திருக்க வேண்டிய முடிவு. பழைய விதியின் கோளாறு என்னவென்றால் அது பண்டிகையின்மேல் தாங்கமுடியாத எடையை ஏற்றியது. வருடத்துக்கான பாசத்தை ஒரே நாளில் பேசித் தீர்க்க முடியாது.

நம் பிள்ளைகளுக்கு யாரும் அப்படி விதி போடுவதில்லை. ஆனால் அதையே வேறு விதமாகச் செய்துகொள்கிறார்கள். ஷிப்ட், அலுப்பு, 'நல்லா இருக்கேம்மா' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. பிறகு பொங்கலன்று வீடியோ காலில் மொத்தக் குடும்பமும் வந்து நிற்கும்போது தொண்டை அடைக்கும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், பதினைந்து நிமிடம் பேசிவிட்டால் போதும். பண்டிகை நாளும் அந்தப் பேச்சுகளில் ஒன்றாக வந்து போகும்.

சொல்ல வந்தவரும் கற்க வந்தவரும்

மோர்மன் சபையின் மிஷனரிகள் தமிழ்நாட்டுக்கு வந்த கதை பழையது. ரிச்சர்ட் பாலன்டைன் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சால்ட் லேக் சிட்டியின் முதல் ஞாயிறு பள்ளியை 1849இல் தொடங்கியவர். மனைவி மக்களை யூட்டாவில் விட்டுவிட்டு 1853 ஜூலையில் மதராஸில் வந்து இறங்கினார். ராபர்ட் ஸ்கெல்டன், ராபர்ட் ஓவன்ஸ் என்று இரண்டு சகாக்கள். துண்டுப் பிரசுரம் அச்சிட்டார், பத்திரிகை நடத்தினார், உழைப்புக்குக் குறைவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அவருக்கு மதராஸில்தான். ஆனால் அவர் பேசியது ஆங்கிலத்தில், கேட்டவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலச் சிப்பாய்களும் ஐரோப்பியர்களும் கலப்பினக் குடும்பத்தினரும். ஊர் மக்களின் மொழிக்குள் அவர் வேலை நுழையவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய உறுப்பினர்களோடு ஒரு சிறு சபை உருவானது. ஓராண்டு கழித்து, 1854 ஜூலையில் கப்பலேறினார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதக்கணக்கில் கப்பலில் வந்து, கையில் பணமில்லாமல், உடம்பு ஒத்துக்கொள்ளாத வெயிலில் ஓராண்டு நின்றதே பெரிது. ஆனால் வேலை என்ற அளவில் பார்த்தால், சொல்ல வேண்டியதை முழுதாகக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர், கேட்க வேண்டியவர்களைத் தெரிந்துகொள்ள வழி தேடாமல் வந்தார். இன்று அதே சபை, மொழி தேவைப்படும் நாட்டுக்கு அனுப்பும் ஒவ்வொருவருக்கும் முதலில் வாரக்கணக்கில் மொழி கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறது.

அடுத்தவர் ரமணாசிரமத்தோடு தொடர்புடையவர். பெயர் ஆன்ரி லெ சோ. பிரான்ஸின் பிரித்தானி கடற்கரையில் 1910இல் பிறந்து பெனடிக்டின் துறவியானவர். இந்தியா வர வேண்டும் என்று பல ஆண்டுகள் அனுமதிக்காகக் காத்திருந்து, 1948இல் குளித்தலைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே பிரெஞ்சுப் பாதிரியார் ஜூல் மொன்ஷனேன் இருந்தார், திருச்சி வட்டாரத்தில் 1939 முதல் பணிசெய்தவர். புதிதாக வந்தவருக்கு வாய்த்த பழகிய துணை அவர். லெ சோ தமிழ் கற்றார், தரையில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினார், பிற்காலத்தில் காவி உடுத்தினார்.

1949 ஜனவரியில் மொன்ஷனேன் அவரைத் திருவண்ணாமலைக்கு அழைத்துவந்தார். ரமணர் அப்போது உயிரோடு இருந்தார். லெ சோ பெரிய எதிர்பார்ப்போடு வந்தார், எதிர்பார்த்தது உடனே நடக்கவில்லை. காய்ச்சலும் வந்துவிட்டது. அப்போது ஆசிரமத்தில் இருந்த எத்தல் மெர்ஸ்டன் என்ற ஆங்கிலப் பெண்மணி அவருக்குச் சொன்ன ஆலோசனையை அவரே பிறகு எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறீர்கள், எல்லாவற்றையும் அறிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள், வர வேண்டியது எந்த வழியாக வர வேண்டும் என்பதையும் நீங்களே தீர்மானிக்கிறீர்கள், அதை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள் என்பது அதன் சாரம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் யாருக்கும் சொல்லத்தக்க ஆலோசனை இதைவிட வேறில்லை.

அவர் அந்த ஆண்டிலேயே மறுபடி வந்தார். 1950 மார்ச்சில் அவரும் மொன்ஷனேனும் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி ரமணர் மறைந்தார். 1952 முதல் சில ஆண்டுகள் லெ சோ அருணாசல மலைக் குகைகளில் மாதக்கணக்கில் மௌனமாக இருந்தார். ஸ்வாமி அபிஷிக்தானந்தர் என்ற பெயரில் எழுதினார், 1960இல் இந்தியக் குடிமகனானார். ஐரோப்பாவுக்குத் திரும்பிப் போகவேயில்லை. பிரான்ஸில் துறவியாக இருந்த தங்கைக்குக் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1973 டிசம்பர் 7 அன்று இந்தூரில் மறைந்தார்.

பாலன்டைனுக்கு ஓராண்டு, லெ சோவுக்கு இருபத்தைந்து ஆண்டு. ஒருவர் குடும்பஸ்தர், மற்றவர் துறவி, காலமும் வேறு என்பது உண்மைதான். அதையெல்லாம் கழித்த பிறகும் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. இரண்டாமவர் சொல்ல வந்த இடத்தில் மாணவராக உட்கார்ந்தார்.

ஆகவே மொழி. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பொதுவாக பி2 நிலை கேட்கிறார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே நர்ஸ்களுக்கு ஜெர்மன் பயிற்சி நடத்துகிறது. சான்றிதழ் வந்ததும் மொழி வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். வார்டில் எண்பது வயதுப் பாட்டி வட்டார வழக்கில் முணுமுணுப்பது பாடப் புத்தகத்தில் இருக்காது. வளைகுடாவில் அரபியைவிட முதலில் கைகொடுப்பது இந்தியும் ஆங்கிலமும்தான், கூட இருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி, பீகாரி, வங்காளதேசி, நேபாளி. அவர்கள் மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொண்டால் பண்டிகை அன்று உங்களைச் சாப்பிடக் கூப்பிட ஓர் அறை இருக்கும்.

அக்டோபரிலேயே பேசுங்கள்

பண்டிகை விடுப்பை எப்படிக் கேட்பது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜனவரி முதல் வாரத்தில் போய் மேனேஜரிடம் பொங்கலுக்கு லீவு கேட்டால் கிடைக்காது. மருத்துவமனை, ஹோட்டல், கிடங்கு போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரி ஷிப்ட் பட்டியல் மாதங்களுக்கு முன்பே தயாராகும். அக்டோபரிலேயே எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது கையில் ஒரு பண்டமாற்று வைத்துக்கொள்ளுங்கள்: 'டிசம்பர் 24, 25, 26 ஷிப்ட்களை நான் பார்த்துக்கொள்கிறேன், ஜனவரி 14, 15 எனக்கு வேண்டும்.' ஐரோப்பாவில் இதை மறுக்கும் மேனேஜர் அபூர்வம். அந்த மூன்று நாளும் ஆள் கிடைக்காமல்தான் அவர் தவிப்பார். கூட வேலை செய்பவர்களுக்கும் தங்கள் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கக் கிடைக்கும், அந்த நன்றி ஆண்டு முழுக்க இருக்கும்.

ஜெர்மனியில் டிசம்பர் 24 மதியத்துக்குமேல் கடைகள் மூடிவிடும். 25, 26 இரண்டும் விடுமுறை. 23ஆம் தேதியே அரிசி, பால், காய்கறி, மாத்திரை வாங்கி வைக்காத புதியவர் மூன்று நாள் அறைக்குள் ரொட்டியும் ஊறுகாயுமாகக் கிடப்பார். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது, நான்கரை மணிக்கே இருட்டிவிடும். வேலைக்குப் போய்விடுவது எல்லா வகையிலும் நல்லது.

சிங்கப்பூரில் தீபாவளி அரசு விடுமுறை, பொங்கல் விடுமுறை இல்லை. மலேசியாவில் சரவாக் தவிர மற்ற இடங்களில் தீபாவளிக்கு விடுமுறை, தைப்பூசத்துக்குச் சில மாநிலங்களில் மட்டும். அமீரகத்தில் தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எதற்கும் அரசு விடுமுறை இல்லை. வார விடுமுறை 2022 முதல் சனி, ஞாயிறு. பண்டிகை வேறு நாளில் வந்தால் அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டாடிக்கொள்ளுங்கள், அதில் குறைவொன்றுமில்லை.

போன் நேரத்தையும் இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். ஊரில் காலை ஏழு மணிக்குப் பானை பொங்கும்போது முனிச்சில் இரவு இரண்டரை, நியூ ஜெர்சியில் முந்தின நாள் இரவு எட்டரை, துபாயில் காலை ஐந்தரை. நேரலையாகப் பொங்கலைப் பார்க்கத்தான் வேண்டும் என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பியிடம் சொல்லிப் படம்பிடித்து வைக்கச் சொல்லுங்கள், முனிச்சில் இருந்தால் உங்கள் காலை எட்டு மணிக்கு, ஊரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், நிதானமாகப் பேசுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது. அங்கே அனுமதிக்கப்பட்ட செயலி எதுவென்று பார்த்து அம்மா போனில் கிளம்புவதற்கு முன்பே ஏற்றி, இரண்டு முறை பேசிப் பழக்கிவிட்டுப் போங்கள்.

முன்னொரு காலத்தில் இதெல்லாம் கைக்கு எட்டாத வசதி. ரமணரின் வாழ்க்கையை எழுதிய ஆர்தர் ஆஸ்போர்ன் இரண்டாம் உலகப் போரில் தாய்லாந்தில் ஜப்பானியர் பிடியில் இருந்தார். மனைவியும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில். போர் முடியும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸும் அப்படியே போனது. இன்று பையிலிருக்கும் போனில் வீடு இருக்கிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் அனுப்பும் விஷயத்தில் ஒன்று. முதல் பண்டிகைக்கு வீட்டாருக்கெல்லாம் துணிமணி, செயின் என்று மூன்று மாதச் சம்பளத்தை இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூட இல்லாத குறையைப் பணத்தால் ஈடுகட்டும் முயற்சி அது. பிப்ரவரியில் கடன் தவணை நிற்கும். அம்மாவுக்கு ஒரு புடவை போதும்.

இன்னொன்று, கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டியது. மோர்மன் மிஷனரிகளிலும் காலம் முடியாமல் திரும்புகிறவர்கள் உண்டு, சிலர் உடம்பு முடியாமல், சிலர் மனசு முடியாமல். ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம்தான் அவர்களுக்குப் பெரிய வேதனை. நம்மிடமும் அதே கதை. 'போன வேகத்துல திரும்பிட்டான்' என்ற பேச்சுக்குப் பயந்து, சம்பளமும் வராமல், பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல் கிடக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: 'முடியலன்னா வந்துடுப்பா, பாத்துக்கலாம்' என்று விமான நிலையத்தில் சொல்லாதீர்கள், அங்கே சொன்னால் அழுகையில் கரைந்துபோகும். ஒரு மாதம் முன்னாலேயே வீட்டில் சொல்லுங்கள், அப்பா வாயால் சொல்லுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டுவைத்து, அதைப் பையனிடம் காட்டிவிடுங்கள். வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தவன் பதறாமல் நிற்பான்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமீரகத்தில் அனுமதியில்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். அறைத் தோழருக்கு ஆபரேஷன் என்று வாட்ஸ்அப் குழுவில் வசூல் ஆரம்பிக்கக் கூடாது, தூதரகத்தையோ சங்கத்தையோ அணுகுங்கள். மதப் பிரசாரம் அங்கேயும் சவூதியிலும் கூடவே கூடாது.

ரமண நகரிலேயே வேலை என்றால்

வெளிநாடு போகாமலே இந்த அனுபவம் கிடைக்கும் வேலைகள் ரமணாசிரமத்தை ஒட்டிய ரமண நகரில் இருக்கின்றன: விடுதி வரவேற்பு, சமையல், ஆட்டோ, வாடகை வண்டி, மொழிபெயர்ப்பு, மலைப்பாதைத் துணை. சீசனில் நல்ல வருமானம், அதைவிட நல்ல பயிற்சி. பின்னாளில் வெளிநாடு போக நினைப்பவர்கள் இரண்டு சீசன் இங்கே வேலை பார்த்துவிட்டுப் போவது எந்த ஆங்கில வகுப்பையும்விட மேல் என்பேன்.

முதலில் காகித வேலை. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுத் தளத்தில் பதிய வேண்டும், சி ஃபார்ம் என்று நாம் பழகியது. விடுதி சின்னது, வீட்டு மாடியில் ஒரே அறை என்பதெல்லாம் விலக்காகாது. பாஸ்போர்ட், விசா நகலை வந்தவுடன் வாங்கிவிடுங்கள், களைப்பாக இருக்கிறார் பாவம் காலையில் கேட்கலாம் என்று விட்டால் காலையில் அவர் கிரிவலம் போய்விடுவார். பதினான்கு கிலோமீட்டர், திரும்ப மதியமாகிவிடும்.

அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் வந்தவர் கோயிலுக்குப் போகலாம், ஆசிரமத்தில் உட்காரலாம், சொற்பொழிவு கேட்கலாம். மதக் கொள்கையைப் பிரசாரம் செய்யவோ துண்டுப் பிரசுரம் கொடுக்கவோ இந்திய விசா விதிகளில் அனுமதியில்லை. எந்த மதமானாலும் இதே விதி. விருந்தினர் ஒருவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் விடுதி வாசலில் புத்தகம் விநியோகிக்கிறேன் என்றாலோ, இன்னொருவர் மொட்டைமாடியில் தானே குருவாக உட்கார்ந்து கட்டணம் வாங்கிக் கூட்டம் நடத்துகிறேன் என்றாலோ, விதியை மரியாதையாக எடுத்துச் சொல்லி, முதலாளியிடமும் தெரிவித்துவிடுங்கள். நீங்களாகச் சண்டைக்குப் போக வேண்டாம், கண்டும் காணாமலும் இருக்க வேண்டாம்.

கிறிஸ்துமஸ் நாளில் விருந்தினரிடம் எப்படி நடந்துகொள்வது? வெள்ளைத் தோல் என்றாலே கிறிஸ்தவர் என்று நினைத்துக் கேக்கை நீட்டாதீர்கள். யூதர் இருப்பார், எந்த மதமும் வேண்டாம் என்று வந்தவர் இருப்பார், பண்டிகையிலிருந்து ஓடிவந்தவரும் இருப்பார். இருபதாம் தேதி வாக்கில் சாதாரணமாகக் கேட்டுவிடுங்கள்: 'இருபத்தி நாலாம் தேதி ஏதாவது ஏற்பாடு வேணுமா?' சர்ச்சுக்குப் போக வேண்டும் என்றால் ஊரில் லுத்தரன் சபை உண்டு. டேனிஷ் மிஷன் வந்து பள்ளி வைத்த ஊர் இது. நள்ளிரவு ஆராதனை முடிந்து திரும்ப ஆட்டோ கிடைக்காது, போகவர ஒரே ஆளை முன்பே பேசி வையுங்கள், வாடகையையும் முன்பே சொல்லிவிடுங்கள். மௌனத்தில் இருக்கிறேன் என்றால் அதையும் மதியுங்கள், கதவைத் தட்டி வாழ்த்துச் சொல்லத் தேவையில்லை.

அன்றைக்கு வைஃபை முக்கியம். அமெரிக்க மேற்குப் பக்கத்தவர்களுக்கு நம் 25ஆம் தேதி காலைதான் கிறிஸ்துமஸ் முந்தின இரவு. நமக்கு ஏழரை மணி என்றால் சால்ட் லேக் சிட்டியில் 24ஆம் தேதி மாலை ஏழு, மொத்தக் குடும்பமும் சாப்பாட்டு மேசையில் இருக்கும் நேரம். ஐரோப்பியர்களுக்கோ நம் 24ஆம் தேதி நள்ளிரவையொட்டி. இந்த இரண்டு நேரத்திலும் மோடத்துக்கு யூபிஎஸ் இருக்கிறதா என்று மாலையே பாருங்கள். கரண்ட் போய்த் தாயின் முகம் பாதியில் உறைந்து நின்றால், அந்த விருந்தினர் உங்கள் விடுதியைப் பற்றி வேறெதையும் நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்.

காய்ச்சலைக் கவனியுங்கள். லெ சோவுக்கு வந்ததுபோல் புதிதாக வந்தவர்களுக்கு வருவது சகஜம், பண்டிகை வாரத்தில் மனச்சோர்வும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாளுக்குமேல் அறையைவிட்டு வெளியே வராதவரைப் போய்ப் பாருங்கள். ரசம் சாதம், கொதித்து ஆறிய தண்ணீர், தெரிந்த டாக்டர் எண். உண்ணாநோன்பு என்று சொல்லி மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தால் அதை ஆன்மிகம் என்று விட்டுவிடாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பழகும் முறையில் ஓர் எச்சரிக்கை. பண்டிகை நேரத்தில் தனிமையில் இருப்பவர் அன்பாகப் பேசியவரிடம் சட்டென்று ஒட்டிக்கொள்வார். கடன் கேட்கவோ, ஸ்பான்சர் செய்யச் சொல்லவோ, நிலம் வாங்கித் தருகிறேன் என்று ஆரம்பிக்கவோ அதைப் பயன்படுத்தாதீர்கள். அப்படிச் செய்தவர்களால்தான் நேர்மையாக வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் கெட்ட பெயர். கொடுக்கும் டிப்ஸை வாங்கிக்கொள்ளுங்கள், வேறு பணம் என்றால் முதலாளிக்குத் தெரிந்தே நடக்கட்டும்.

பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கி அறைகள் காலியாகும்போது முதலாளியிடம் அனுபவச் சான்றிதழ் கேளுங்கள். 'இங்கே வேலை பார்த்தார்' என்று ஒற்றை வரியில் வேண்டாம். எந்த மாதம் முதல் எந்த மாதம்வரை, என்ன பொறுப்பு, வெளிநாட்டவர் பதிவு வேலை தெரியுமா, எந்தெந்த மொழியில் பேசுவார் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, கையெழுத்தும் போன் எண்ணும் இருக்க வேண்டும். வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோனால் மறுப்பு வராது. ஏப்ரலில் கேட்டால் அவர் ஊரில் இருக்கமாட்டார்.